படித்துறையில் ஒரு கேமரா

மார்புவரை பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஆற்றில் குளிப்பது தாமிரபரணிக் கரைப் பெண்களுக்குப் பரம்பரை வழக்கம். குறுக்குத்துறையானாலும் பாபநாசமானாலும் படித்துறையில் மறைப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. அந்தப் பக்கம் போகிற ஆண் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். அதுதான் அங்கே மறைப்பு. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு இது தெரியாது. விடிகாலை வெளிச்சமும் ஆறும் கல்மண்டபமும் அவருக்கு அழகான காட்சி, கேமராவை எடுக்கிறார். கரையில் சத்தம் கிளம்புகிறது. நான்கு இளைஞர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள், ஒருவர் கேமராவைப் பிடுங்குகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? பெண் ஒருத்தியின் அந்தரங்கச் செயலை அவள் சம்மதமில்லாமல் படம்பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாத சிறை. பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கோடு அவள் தனிமையில் தலையிடுவதை 79ஆம் பிரிவு தண்டிக்கிறது. திறந்த படித்துறைக்கு இவை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சூழலையும் நோக்கத்தையும் பார்த்து நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். புகார் கொடுக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு. கேமராவைப் பிடுங்கும் உரிமை கரையில் நிற்கிற எவருக்கும் இல்லை. படத்தை அழிக்கச் சொல்லிக் கேட்கலாம், மறுத்தால் 112.

இதே சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அகத்தியர் அருவியில் குளிக்கும் வெளிநாட்டுப் பெண்ணைச் சுற்றி நின்று செல்போனில் படமெடுக்கிறார்களே, அவர்களுக்கும் அதே 77, அதே 79. 'வெள்ளைக்காரிதானே, அவர்கள் ஊரில் இதெல்லாம் சகஜம்' என்ற பேச்சை நான் காதால் கேட்டிருக்கிறேன். அது பச்சை அநியாயம். வாழும் உரிமையைக் காக்கும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. ஹவுராவில் ரயில்வே விடுதியில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வங்கதேசப் பெண்ணின் வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லி, 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டையும் உறுதிசெய்தது.

கோவிலுக்கு வருவோம். செருப்பைக் கழற்றுவது எல்லாருக்கும் தெரியும். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியவருகிறது. தமிழகக் கோவில்களுக்குள் செல்போனைத் தடைசெய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. திருச்செந்தூர்க் கோவில் பற்றிய வழக்கில்தான் அந்த உத்தரவே பிறந்தது.

கொடிமரத்தைத் தாண்டிப் போகலாமா என்பதில்தான் மனக்கசப்பு அதிகம். பழனி கோவில் வழக்கில் 2024 ஜனவரி 30 அன்று மதுரைக் கிளையின் தனி நீதிபதி, இந்து அல்லாதவர்களுக்குக் கொடிமரத்துக்கு அப்பால் அனுமதி இல்லை என்று பலகை வைக்கச் சொன்னார். தெய்வத்தின் மேல் நம்பிக்கை உண்டு, கோவில் வழக்கத்துக்குக் கட்டுப்படுவேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுப்பவரை விடலாம் என்றும் சொன்னார். அதற்கு முன், 2022 ஜூலையில், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில் பற்றிய வழக்கில், நம்பிக்கையோடு வரும் பிற மதத்தவரைத் தடுக்க முடியாது என்று இரு நீதிபதிகள் அமர்வு கூறியிருந்தது. நடைமுறை கோவிலுக்குக் கோவில் வேறுபடுகிறது. எனவே நெல்லையப்பர் கோவிலோ நவதிருப்பதியோ, வெளிநாட்டு விருந்தாளியைக் கூட்டிப் போகிறவர் முதலில் கோவில் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. தோல் நிறத்தைப் பார்த்து வாசலிலேயே விரட்டுவது தவறு. அவர் இந்துவாகவே இருக்கலாம்.

பெரிய கோவிலில் கேட்க ஓர் அலுவலகமாவது இருக்கிறது. சுடலைமாடன் கோவில் கொடைவிழாவில்? சாமக்கொடை நேரத்தில், மகுடப் பறை உச்சத்தில் முழங்க, கோமரத்தாடி அருள் வந்து ஆடும்போது முகத்துக்கு நேரே பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தால் அந்த ஊரே கொதிக்கும். கணியான் கூத்தைப் படமெடுக்க இப்போது வெளிநாட்டு ஆய்வாளர்களும் புகைப்படக்காரர்களும் வருகிறார்கள். வரவேண்டியதுதான். ஆனால் சில பூசைகளைப் பார்க்கவே கூடாது, சில இடத்தில் பெண்கள் நிற்கக் கூடாது என்று ஊருக்கு ஊர் கட்டு இருக்கிறது. பகலிலேயே கொடைக்கு வரி கொடுக்கும் வரிதாரர்களைப் பார்த்து அனுமதி வாங்கியவருக்குச் சிக்கல் வந்து நான் கண்டதில்லை. வழிபாட்டுக் கூட்டத்தை வேண்டுமென்றே குலைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 300ஆம் பிரிவிலும், மனதைப் புண்படுத்தும் நோக்கோடு ஈமச்சடங்கில் தொந்தரவு செய்வது 301ஆம் பிரிவிலும் குற்றம். சுடுகாட்டில் கேமரா வேண்டவே வேண்டாம்.

வழக்கத்தை மதிப்பது என்றால் பொருளை மதிப்பதும்தான். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரைத் தோண்டி, கிடைத்ததை பெர்லின் அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனார். அன்று தடுக்கச் சட்டமில்லை. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோவில் நடராஜர் 1982இல் களவு போனார். கடல் தாண்டி, 2001இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அருங்காட்சியகத்தால் விலைக்கு வாங்கப்பட்டு, 2019 செப்டம்பரில்தான் ஊர் திரும்பினார். 37 வருடம் அந்தப் பீடம் வெறுமையாகக் கிடந்தது. இன்று நூறு வருடம் பழமையான சிலையையோ விளக்கையோ நாட்டைவிட்டுக் கொண்டுபோவது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. பழைய சாமான் கடையில் வாங்குகிறவர் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று பெறுவது பாதுகாப்பு. ஆதிச்சநல்லூர், கொற்கை மண்ணில் கிடக்கும் ஓட்டுச்சில்லை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொள்ளவும் கூடாது. இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர வேண்டும்.

வேறு சில ஆபத்துகளும் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அவற்றின் அருகே ட்ரோன் பறக்கவிட்டால் விசாரணை நிச்சயம். மலையேற வருகிறவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் போனுக்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் கைதுவரை போகும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைய முடியாது. சுற்றுலா விசாவில் வந்து மதப் பிரசாரம் செய்யக் கூடாது. கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்புப் போராட்டத்துக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெர்மானியர் ஒருவர் 2012 பிப்ரவரியில் நாகர்கோவிலிலிருந்து நாடு கடத்தப்பட்டார்.

சிக்கிக்கொண்டவருக்கு வழி இருக்கிறது. கைதானால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமையை 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தருகிறது. பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. பொருள் பறிகொடுத்தவர் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. விடுதிக்காரர் வெளிநாட்டு விருந்தினர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குப் பதிவுசெய்தாக வேண்டும், வீட்டில் அறை கொடுப்பவருக்கும் இதே கடமைதான். ஆனால் பாஸ்போர்ட்டை நகல் எடுத்துக்கொண்டு கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பிடித்துவைக்க அவருக்கு அதிகாரமில்லை.

நெல்லையில் விடுதி நடத்துகிறவர்களும் கார் ஓட்டுகிறவர்களும் வழிகாட்டிகளும் ஒரு காரியம் செய்யுங்கள். படித்துறையில் படம் கூடாது, கொடையில் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், கொடிமரத்தில் நின்று விசாரிக்க வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே விருந்தினரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வெளிநாட்டு மொழிகளிலும் பதில் தரும் மத்திய சுற்றுலா உதவி எண் 1363. அறைக் கதவின் உட்புறம் இன்றே அதை எழுதி ஒட்டிவையுங்கள்.