வாங்கன்ஹைம் (அனோவர் படைத்தலைவர்)

வாங்கன்ஹைம் 1783 ஆம் ஆண்டு கடலூர் முற்றுகையில் ஆங்கிலேயர் தரப்பில் போரிட்ட செருமானியக் காலாட்படைத் தலைவர் ஆவார். கர்னல் நிலையில் இருந்தார். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் செருமனியின் அனோவர் நாட்டுக்கும் ஆட்சியாளர் ஆவார். எனவே கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அங்கு 1781 இல் இரு காலாட்படைப் பிரிவுகள் திரட்டப்பட்டு, சென்னைக்கு அனுப்பப்பட்டன.

அப்போது கடலூர் பிரெஞ்சுத் தளபதி புசியின் வசம் இருந்தது. சிதம்பரம் பகுதியோ ஐதர் அலியின் படையெடுப்பில் முன்னரே அல்லலுற்றிருந்தது. 1781 இல் சிதம்பரம் கோயிலை அரணாகக் கொண்டிருந்த ஐதரின் படையைத் தாக்கிய ஆங்கிலேயர் தோற்றுப் பின்வாங்கினர். 1783 சூன் 13 அன்று ஜெனரல் ஸ்டுவர்ட் கடலூரின் வெளி அரண்களைத் தாக்கினார். ஆங்கிலேயர் தரப்பில் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். சூன் 25 அன்று பிரெஞ்சுக்காரர் கோட்டையிலிருந்து வெளிவந்து தாக்கி முறியடிக்கப்பட்டனர். ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி எட்டியதும் போர் நின்றது.

வாங்கன்ஹைமின் பெயர் நிலைத்திருப்பது ஒரு கதையால்தான். சூன் 25 மோதலில் சிறைப்பட்ட பிரெஞ்சு சார்ஜண்ட் ஒருவரை இவர் தம் கூடாரத்தில் வைத்துப் பேணினாராம். அவரே பின்னாளில் அனோவரின் ஆளுநராகி (1804), 1818 இல் சுவீடனின் மன்னரான பெர்னதோத்து என்றும், அனோவரில் முதிய வாங்கன்ஹைமை அடையாளம் கண்டு நன்றி கூறினார் என்றும் சொல்வர். ஆனால் பெர்னதோத்து இந்தியா வந்ததையே பிற்கால வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை. கதை எத்துணை இனிதாயினும், அதனை வரலாறாகக் கொள்ள இயலாது.