பரமட்டா: ரயிலில் போனால் மால், படகில் போனால் ஊர்

சிட்னியில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தங்கும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு நகரின் நடுப்பகுதியைவிடப் பரமட்டாதான் பழகிய இடம். வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று தமிழ்க் குடும்பங்களும் தமிழ்க் கடைகளும் உள்ள புறநகர்கள் அதே ரயில் தடத்தில் வரிசையாக இருக்கின்றன. மேஸ் ஹில் முருகன் கோயிலும் அதிக தூரமில்லை. ஆனால் பரமட்டாவுக்குப் போவது என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: ரயிலில் இறங்குவது, நிலையத்தை ஒட்டியே நிற்கும் வெஸ்ட்ஃபீல்ட் மாலுக்குள் நுழைவது, சுற்றுவது, சாப்பிடுவது, பைகளோடு அதே நடைமேடைக்குத் திரும்புவது. மாலில் பார்த்ததைச் சென்னையிலும் கோவையிலும் பார்க்கலாம். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் ஐரோப்பியர் அமைத்த இரண்டாவது குடியிருப்போ மாலின் சுவருக்கு வெளியே, நடந்து போகிற தூரத்தில், பார்க்கப்படாமலே கிடக்கிறது. இதற்குப் பயணிகளின் ஆர்வக் குறைவைக் காரணம் சொல்வது நியாயமில்லை. அவர்கள் தவறான வாசலில் நுழைகிறார்கள், அவ்வளவுதான். இந்த ஊரின் வாசல் ஆற்றங்கரையில் இருக்கிறது. காலையில் ஆற்று வழியாகப் போய், பழைய இடங்களை முதலில் பார்த்து, ஷாப்பிங்கை மாலைக்கு வைத்துக்கொண்டு, ரயிலில் திரும்புவதே சரியான வரிசை.

ஊர் எப்படி உருவானது என்று பார்த்தால் காரணம் விளங்கும். 1788 ஜனவரியில் சிட்னி குடாவில் கைதிகளோடு இறங்கிய ஆளுநர் ஆர்தர் ஃபிலிப்புக்கு முதலில் வந்த தலைவலி சோறு. அங்கிருந்த மண் விளைச்சலுக்கு உதவவில்லை. நல்ல மண் தேடி உள்நாட்டுக்குப் போனவர்கள், கடல் ஓதம் ஏறும் எல்லையில், உப்புநீரும் நன்னீரும் சந்திக்கும் இடத்தில் நின்றார்கள். பூர்வகுடியினரான பர்ரமட்டகல் மக்கள் காலங்காலமாக விலாங்கு பிடித்து வாழ்ந்த இடம் அது. 1788 நவம்பரில் அங்கே ரோஸ் ஹில் என்ற பெயரில் குடியிருப்பு தொடங்கியது. 1791-இல் மண்ணின் மக்கள் வழங்கிய பெயரே ஊர்ப்பெயரானது. 1790-இல் படகுத்துறைப் பக்கமிருந்து ஆளுநர் மாளிகை வரை ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்கு, 205 அடி அகலத்தில் ஒரு தெரு போட்டார்கள். இருபுறமும் 24 அடிக்கு 12 அடி அளவில் மண் பூசிய குடிசைகள், அவற்றில் கைதிகள். இன்றைய ஜார்ஜ் தெரு அதுதான், அகலம் மட்டும் சுருங்கிவிட்டது. சரக்கு, தானியம், ஆட்கள், அதிகாரம் எல்லாம் ஆற்றிலிருந்து இந்தத் தெருவழியே மேற்கே நகர்ந்தன. 1860-இல் ரயில் இப்போதைய நிலையத்துக்கு வந்ததும் ஊரின் கனம் மெல்ல ஆற்றை விட்டுத் தெற்கே சாய்ந்தது. 1975-இல் வந்த மால் நிலையத்தைப் பிடித்துக்கொண்டது. ஆக, ரயிலில் வருகிறவர் வந்திறங்குவது ஊரின் கொல்லைப்புறத்தில்.

படகு எஃப்3 தடம். சர்குலர் கீயில் ஏறினால் ஹார்பர் பாலத்தின் அடியில் புகுந்து, காக்கட்டூ தீவின் அருகே கடந்து, ஒலிம்பிக் பார்க்கைத் தாண்டியதும் அலையாத்திக் காடுகள் இருபுறமும் நெருங்கிவர, பரமட்டா துறைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். சென்ட்ரலில் இருந்து விரைவு ரயில் அரை மணியில் போய்விடும். 'ஒரு மணி நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்' என்பது நியாயமான கேள்வி. அந்த ஒரு மணி நேரமும் பார்வையிடும் நேரத்தில்தான் சேர்த்தி என்பது என் பதில். யுனெஸ்கோ 2010-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த பதினொரு ஆஸ்திரேலியக் கைதித் தலங்களில் மூன்று இந்தத் தடத்தையொட்டியே வருகின்றன: சர்குலர் கீயிலிருந்து நடந்துபோகக்கூடிய ஹைட் பார்க் பாரக்ஸ், வழியில் காக்கட்டூ தீவு, முடிவில் பரமட்டாவின் பழைய ஆளுநர் மாளிகை. மாளிகையை மட்டும் தனியே பார்த்தால் அது ஒரு வெள்ளை வீடு. ஆற்றில் அத்தனை வளைவுகளையும் கடந்து வந்து பார்த்தால், துறைமுகத்திலிருந்து இவ்வளவு உள்ளே வந்து ஏன் கட்டினார்கள் என்று தானாகவே புரியும். செலவும் தடையில்லை. படகுக்கும் ரயிலுக்கும் ஒரே ஓப்பல் அட்டை அல்லது ஒரே வங்கி அட்டையைத் தட்டினால் போதும். நாள் முழுவதுக்கும் உச்சவரம்பு உண்டு. வெள்ளி, சனி, ஞாயிறுகளில் அந்த வரம்பு மற்ற நாள்களில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். ஒருவருக்கு ஓர் அட்டை. ஏறும்போதும் இறங்கும்போதும் அதையே தட்ட வேண்டும். ஒன்றை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மேல்பகுதியில் ஆறு ஆழம் குறைந்தது. ஓதம் வடிந்திருக்கும் நேரத்தில் சில படகுகள் ரைடால்மியரோடு நின்றுவிடும், மிச்ச தூரத்துக்குப் பேருந்து. கால அட்டவணையைப் பார்த்து ஏறினால் இந்த ஏமாற்றம் இருக்காது.

துறையில் இறங்கினால் பக்கத்திலேயே சார்ல்ஸ் தெரு அணை. ஓதநீர் அதற்குமேல் ஏறாது. ஊர் இங்கே அமைந்ததன் காரணம் கண்முன் நிற்கிறது. அங்கிருந்து தென்கிழக்கே இருபது நிமிடம் நடந்தால் எலிசபெத் ஃபார்ம். ஜான் மக்கார்தரும் எலிசபெத் மக்கார்தரும் 1793-இல் கட்டத் தொடங்கிய இந்த வீட்டில்தான் ஆஸ்திரேலியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஐரோப்பியக் கட்டுமானம் இருக்கிறது. தாழ்வான கூரையும் நீண்ட தாழ்வாரமுமாக இருக்கும் இந்த வீடு நம் ஊர்க்காரர் கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆஸ்திரேலியாவின் மெரினோ கம்பளி வணிகத்தில் இந்தத் தம்பதியின் பெயர் பிரிக்க முடியாதது. ஆனால் மக்கார்தரின் மந்தை தொடங்கியது கல்கத்தாவிலிருந்து வந்த வங்காளச் செம்மறிகளோடு. சற்றுத் தள்ளி எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம். தண்டனைக் காலம் முடிந்த ஜேம்ஸ் ரூஸ் என்பவருக்கு 1789-இல் நிலம் கொடுத்து, ஒருவன் தன் உழைப்பால் தன் வயிற்றை நிரப்பிக்கொள்ள முடிகிறதா என்று அரசு சோதித்த இடம் அது. முடிந்தது, முப்பது ஏக்கர் அவருக்குச் சொந்தமானது. 1793-இல் அதை வாங்கியவர் ராணுவ மருத்துவர் ஜான் ஹாரிஸ். இந்தியப் புள்ளிமானை ஆஸ்திரேலியாவுக்கு முதலில் கொண்டுவந்து வளர்த்தவரும் இவரே. இவர் பெயரைத் தாங்கிய ஹாரிஸ் பார்க்கின் விக்ரம் தெருவில் இன்று வரிசையாக இந்திய உணவகங்கள், இனிப்புக் கடைகள், புடவைக் கடைகள். 'லிட்டில் இந்தியா' என்றே அழைக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மாலின் ஃபுட் கோர்ட்டைவிட இது எவ்வளவோ மேல். வடநாட்டுச் சாப்பாடே அதிகம் என்றாலும் தோசைக்குப் பஞ்சமில்லை.

சாப்பிட்டபின் ஜார்ஜ் தெருவைப் பிடித்து மேற்கே நடப்பதுதான் இந்தப் பயணத்தின் முதுகெலும்பு. கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே நடக்கிறோம் என்று சலிக்க வேண்டாம். மார்ஸ்டன் தெருவில் உள்ள நீதிமன்ற வளாகத்தில் கைதிகள் காலத்து மருத்துவமனையின் அடித்தளத்தைத் தோண்டியெடுத்து, முற்றத்தில் பார்வைக்கு விட்டிருக்கிறார்கள். தெரு முடிகிற இடத்தில் பரமட்டா பூங்கா. அதன் மேட்டில் 1799-இல் ஆளுநர் ஹன்டர் எழுப்பி, பிறகு ஆளுநர் மக்குவாரி விரிவாக்கிய பழைய ஆளுநர் மாளிகை. வாசலில் நின்று வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால், கைதிக் குடிசை வரிசை முழுவதும் ஆளுநரின் பார்வைக்குள் இருக்கும்படி தெரு போட்டிருப்பது தெரியும். பூங்காவிலிருந்து மாலுக்குப் போகும் வழியில், ஓ'கானல் தெருவில் செயின்ட் ஜான்ஸ் கல்லறைத் தோட்டம். ஐரோப்பியர் கல்லறைகளில் அதே இடத்தில் இன்றும் இருப்பவற்றில் நாட்டிலேயே மிகப் பழையது. முதல் அடக்கம் 1790 ஜனவரியில். மாலிலிருந்து சில நிமிட நடைதான். பல முறை ஷாப்பிங் வந்தவர்களும் இதை அறியாமல் போகிறார்கள்.

இங்கே வலுவான ஓர் ஆட்சேபம் எழும். ஆளுநர் மாளிகை, நிலக்கிழார் வீடு என்று சுற்றுவது வெள்ளையர் ஆட்சியின் வரவேற்பறையை வியந்துவிட்டு வருவதாகாதா? வீடுகளோடு நின்றுவிட்டால் அப்படித்தான் ஆகும். நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் கட்டடம் விட்டுச் செல்லவில்லை. அதனால் அவர்கள் வரலாற்றை நாம்தான் இடத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 1797 மார்ச்சில் பூர்வகுடிப் போராளி பெமுல்வூய் தன் வீரர்களோடு இதே ஊருக்குள் வந்து படையினரை எதிர்கொண்டார். குண்டுக் காயங்களோடு பிடிபட்டும் தப்பினார். 1802-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்குவாரி 1814-இல் பூர்வகுடிக் குழந்தைகளுக்கென்று தொடங்கிய 'நேட்டிவ் இன்ஸ்டிடியூஷன்' இந்த ஊரில்தான் இருந்தது. பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்து வைத்த பள்ளி அது. கைதிகளிலும் பெண்களின் கதை தனி. ஊரின் வடக்கே 1821-இல் திறந்த பெண் கைதிகள் தொழிற்கூடத்தில் அவர்கள் நெய்த முரட்டுத் துணி 'பரமட்டா துணி' என்றே விலைபோனது. 1827-இல் உணவைக் குறைத்தபோது அந்தப் பெண்கள் கதவை உடைத்து வெளியேறி, ஊருக்குள் புகுந்து ரொட்டிக் கடைகளிலும் இறைச்சிக் கடைகளிலும் இருந்ததை அள்ளிக்கொண்டார்கள். அடக்கப் படை வரவேண்டியிருந்தது. பரமட்டாவின் கடைவீதி வரலாறு என்று ஒன்றை யாராவது எழுதினால் முதல் அத்தியாயம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். 2024 டிசம்பரில் வந்த வெஸ்ட்மீட்–கார்லிங்ஃபோர்ட் லைட் ரயில் நடுவூரிலிருந்து அந்தத் தொழிற்கூடத்தின் பக்கம் போவதால் நடக்கத் தேவையில்லை. லைட் ரயிலில் வண்டிக்குள் அல்ல, நிறுத்தத்தில் உள்ள கம்பத்திலேயே அட்டையைத் தட்ட வேண்டும், மறந்தால் அபராதம்.

ஷாப்பிங்கைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்கு வரலாற்றுப் பற்று மட்டும் காரணமில்லை. பைகளோடு பழைய வீட்டின் குறுகிய அறைகளில் சுற்ற முடியாது. மேலும், பழைய வீடுகள் மாலை நான்கு மணியை ஒட்டி மூடிவிடும், வாரத்தின் எல்லா நாளும் திறப்பதில்லை. அன்றைக்குத் திறப்பா என்று முந்தின நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். அதேசமயம் இரவு பத்து மணி வரை கடை திறந்திருக்கும் தி.நகரை மனத்தில் வைத்துப் போகவேண்டாம். சிட்னியில் மற்ற நாள்களில் மாலை ஆறு மணிக்குள் பெரும்பாலான கடைகள் சாத்திவிடும், வியாழன் மட்டும் இரவு ஒன்பது வரை. கட்டணம் குறைவு வெள்ளியில், கடை நேரம் அதிகம் வியாழனில் என்று இழுபறி இருக்கிறது. நிறைய வாங்குகிறவர்களுக்கு வியாழன், வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு வெள்ளி அல்லது சனி. எதை வாங்குவது என்பதில் கொஞ்சம் கறாராக இருக்கலாம். மாலில் தொங்கும் பருத்திச் சட்டைகளில் பல நம் பக்கத்திலிருந்தே போனவை. திருப்பூரில் தைத்ததை டாலர் கொடுத்து வாங்கித் திருப்பூருக்கே கொண்டுவருவதில் பொருளில்லை. மெரினோ கம்பளி உடைகளுக்கு அந்தக் குறை இல்லை. தள்ளுபடிக்கு ஜூன் கடைசி (அங்கே நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது), டிசம்பர் 26-ஐ ஒட்டிய நாள்கள் நல்லவை. ஒரே நிறுவனத்தில் 300 டாலருக்குக் குறையாமல் வாங்கி, 60 நாளுக்குள் பொருளோடு நாடு திரும்பினால், ஜிஎஸ்டி வரியைச் சிட்னி விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். பில் அல்ல, முறையான வரி விலைப்பட்டியல் கேட்டு வாங்க வேண்டும்.

வயதானவர்களால் இவ்வளவு நடக்க முடியுமா என்று கேட்பார்கள். எல்லோராலும் முடியாது, ஜனவரி வெயிலில் இளைஞர்களே திணறுவார்கள். கடற்காற்று இவ்வளவு தூரம் சரியாக எட்டாததால், கடற்கரைப் பக்கம் இதமாக இருக்கும் நாளில்கூடப் பரமட்டா கொதிக்கும். ஏப்ரல், மே, செப்டம்பர் மாதங்கள் உகந்தவை. நடக்கச் சிரமப்படுகிறவர்கள் எலிசபெத் ஃபார்ம் பக்கத்தை விட்டுவிடலாம். படகில் வந்து, துறையிலிருந்து டாக்ஸியில் ஆளுநர் மாளிகைக்குப் போய், பூங்காவில் உட்கார்ந்துவிட்டு மாலுக்குப் போனாலே பாதி ஊர் கிடைத்துவிடும். மேற்கே வென்ட்வொர்த்வில் போன்ற இடங்களில் தங்கியிருப்பவர்கள் காலையில் சர்குலர் கீ வரை போய்த் திரும்புவது சுற்றுவழிதான். அவர்கள் பரமட்டா நிலையத்தில் இறங்கி, மாலுக்குள் போகாமல் எதிர்ப்பக்கமாக வெளியேறி, சர்ச் தெரு வழியே ஆற்றங்கரைக்கு நடந்து, துறையிலிருந்து தொடங்கலாம். படகுச் சவாரியை இன்னொரு நாள் மாலையில், ஊர்ப்பக்கமிருந்து துறைமுகம் நோக்கி வைத்துக்கொள்ளலாம். அப்போது வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்.