எகிப்தின் மண்ணும் சந்தாதாரரும்

பூமியைத் தோண்டிப் பழம்பொருள் ஆராய்வது அரசாங்கத்தின் வேலை, அல்லது பெரும் பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று நம்மவரில் பலர் எண்ணியிருக்கின்றனர். பொதுஜனங்களின் சந்தாப் பணத்தைக் கொண்டே ஒரு புராதன தேசத்தின் சரித்திரத்தை வெளிக்கொணரலாம் என்பதற்கு லண்டனிலுள்ள எகிப்து ஆராய்ச்சிச் சங்கம் சாக்ஷியாக நிற்கிறது.

அமேலியா எட்வர்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியை 1873-ம் வருஷக் குளிர்காலத்தில் நைல் நதியில் படகுப் பிரயாணம் சென்றார். கோயில் சுவர்களில் பிரயாணிகள் தங்கள் பெயரைச் செதுக்கி வைப்பதையும், சித்திரங்கள் சிதைக்கப்படுவதையும் கண்டு மனம் பொறாமல், நண்பர் சிலருடன் 1882-ல் இச்சங்கத்தை நிறுவினார். ஸர் எராஸ்மஸ் வில்ஸன் என்ற வைத்தியர் 500 பவுன் உதவினார். பிறகு வந்தவற்றுள் சிறு தொகைகள் அநேகம். அவற்றைக் கடிதம் எழுதி எழுதியே அம்மையார் திரட்டினார். 1889-ல் அமெரிக்கா சென்று ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றினார். சந்தா செலுத்தியவர்களுக்கு அகழாய்வு அறிக்கை அச்சாகி வீடு தேடி வந்தது. பணம் கொடுத்தவனுக்குக் கணக்கு மட்டுமல்ல, அறிவையும் ஒப்புவிக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

பலன் அற்பமன்று. கிரென்பெல், ஹண்ட் என்ற இரு அறிஞர்கள் 1896-97-ல் ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரின் குப்பைமேடுகளைத் தோண்டத் தொடங்கினர். அங்கே கிடைத்த பாபிரஸ் ஏட்டுத் துண்டுகள் ஐந்து லக்ஷத்துக்கு மேல். இன்னும் படித்து முடியவில்லை. அவற்றுள் ஒரு கிரேக்க நகைச்சுவை நாடகமும் உண்டு. கதை நடப்பது இந்தியக் கடற்கரையில். அதில் வரும் அரசனும் பரிவாரமும் பேசுவது கன்னடம் என்று சிலர் வாதித்தனர், துளு என்று வேறு சிலர். வழக்கு இன்றளவும் தீர்ப்பாகவில்லை!

ஆயினும் ஒரு கேள்வியை நாம் கேட்காமலிருக்க முடியாது. சங்கம் கண்ட பொதுஜனங்கள் யார்? அது பிறந்த அதே 1882-ல் ஜூலை மாதம் பிரிட்டிஷ் கப்பல்கள் அலெக்ஸாந்திரியாவைப் பீரங்கியால் தாக்கின. தேசமும் அன்னியர் வசமாயிற்று. கண்டெடுத்த பொருள்களில் எகிப்து நிறுத்திக்கொண்டவை போக மீதம், பணம் தந்த சீமைக் காட்சிசாலைகளுக்கும் அமெரிக்கக் காட்சிசாலைகளுக்கும் பங்கிடப்பட்டது. சட்டப்படி அனுமதி பெற்றே நடந்தது என்பர். அந்தச் சட்டம் யாருடைய செல்வாக்கில் அமுலாயிற்று என்பதல்லவா விஷயம்? 1983-ல்தான் எகிப்து தன் சட்டத்தால் இப்பங்கீட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

பொருளையாவது விடுவோம். பெட்ரி என்ற அறிஞர் 1893-94-ல் குஃப்ட் கிராமத்தாரை வேலைக்கு அமர்த்திப் பழக்கினார். மண்ணின் நிறம் மாறுவதைக் கண்டே புதைந்த செங்கற்சுவரை அறியும் திறமை பெற்ற அக்கிராமத்தார், தலைமுறை தலைமுறையாக எகிப்தெங்கும் அகழாய்வுகளுக்குக் கண்ணும் கையுமாக இருந்தனர். அச்சான அறிக்கைகளில் அவர்கள் பெயரைக் காண்பதோ அரிது.

சங்கத்தின் மீது நமக்குத் துவேஷமில்லை. ஏட்டுத் துண்டுகளைப் படியெடுக்கும் வேலையில் 2011-ல் உலகெங்குமுள்ள பொதுஜனங்களைச் சேர்த்துக்கொண்டது. சில துண்டுகள் அனுமதியின்றி அமெரிக்காவுக்குப் போய்விட்டதை 2019-ல் மறைக்காமல் வெளியிட்டது. இத்தகைய நேர்மையுள்ள சங்கம் இன்னும் ஒன்று செய்யக் கடமைப்பட்டிருக்கிறது. பழைய அறிக்கைகளை, தோண்டினவர்களின் பெயரைத் தேடிச் சேர்த்து, அரபு பாஷையில் அச்சிட வேண்டும். முதற்பிரதி குஃப்ட் கிராமப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்.