கடைசிப் பாடல் தலைப்பான கதை

1983-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலிருந்த ஃபேன்டசி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 'என்டர்' என்றொரு இசைத்தட்டை வெளியிட்டது. ஜாஸ் தட்டுகளாலும் கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற ராக் குழுவாலும் பேர் வாங்கிய நிறுவனம் அது. இந்தத் தட்டு அதற்குப் பழக்கமில்லாத சரக்கு. டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஹுவான் அட்கின்ஸ், ரிச்சர்ட் டேவிஸ் ஆகியோர் சைபோட்ரான் என்ற பெயரில் சின்தசைசர்களையும் டிரம் மெஷினையும் முன்னிறுத்திச் செய்த முதல் ஆல்பம். பிற்பாடு டெக்னோ என்று உலகம் அழைத்த இசைக்கு இதை முதல் ஆல்பம் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்வதில் கொஞ்சம் மிகை இருந்தாலும் தவறில்லை. தட்டில் எட்டுப் பாடல்கள். எட்டாவதாக, இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருந்தது 'கிளியர்'. ஏழு ஆண்டுகள் கழித்து, 1990-இல் அதே ஆல்பம் மறுபடி வெளிவந்தபோது அதன் பெயரே 'கிளியர்' என்று மாறியிருந்தது. கடைசி இருக்கையில் இருந்த பாடலைத் தலைப்புக்கு ஏற்றியது ஒரு ரீமிக்ஸ். ஹோசே 'அனிமல்' டியாஸ் என்பவர் அதே 1983-இல் நடன அரங்குகளுக்காகச் செய்தது. ரீமிக்ஸ் என்றால் ஒரு பாட்டின் மலிவு நகல், விற்பனைக்கான ஒட்டுவால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த ஆல்பத்தின் வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது. நல்ல ரீமிக்ஸ் என்பது மூல ஆல்பத்தின் மீது சொல்லப்படும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு சாத்தியமாவதற்குக் காரணம், இந்த இசை கட்டப்படும் விதத்திலேயே இருக்கிறது.

முதலில் கட்டுமானத்தைப் பார்த்துவிடலாம். ஒரு அறையில் வாத்தியக்காரர்களும் பாடகரும் சேர்ந்து நின்று இசைக்கும்போது, பாடகருக்கு வைத்த மைக்கில் தபேலாவும் விழும், வயலினும் விழும். எல்லாம் ஒன்றாகக் கலந்து நாடாவில் ஏறியபின் ஒன்றை மட்டும் உருவி எடுப்பது நடக்காத காரியம். 1960-களின் தமிழ்த் திரைப்பாடல்கள் இப்படிப் பதிவானவைதான். 'படகோட்டி' படத்தின் 'தொட்டால் பூ மலரும்' 40 ஆண்டுகள் கழித்து, 2004-இல் 'நியூ' படத்துக்காக மறுவடிவம் பெற்றபோது ஏ.ஆர். ரகுமான் ஹரிஹரனையும் ஹரிணியையும் வைத்துப் புதிதாகப் பாடவைத்தார். பழைய பதிவைக் கழற்றி மாட்ட வழியிருந்ததா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. நாம் ரீமிக்ஸ் என்று பழகியிருப்பது பெரும்பாலும் இந்த மறுபாடல்தான். டெக்னோவில் நடப்பது வேறு. அங்கே மூலப் பதிவே கையில் இருக்கிறது, அதுவும் பிரித்துப் பிரித்து. டிரம் ஒரு தடத்தில், பேஸ் இன்னொன்றில், குரல் மற்றொன்றில். 1970-களின் இறுதிக்குள் பெரிய ஸ்டூடியோக்களில் 24 தடங்கள் ஓடும் நாடா இயந்திரங்கள் வந்துவிட்டன. மின்னணுக் கருவிகள் மைக் இல்லாமல் கம்பி வழியாகவே நாடாவுக்குப் போவதால் ஒன்றின் ஒலி இன்னொன்றில் சிந்துவதுமில்லை.

அந்தக் கருவிகளில் தலையானது ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் 1980-இல் கொண்டுவந்த டிஆர்-808 டிரம் மெஷின். அதற்குள் பதிவுசெய்த மேள ஒலி எதுவும் கிடையாது. மின்சுற்றை ஒரு தட்டுத் தட்டி அதிரவிட்டால் அந்த அதிர்வே அடிமேள ஓசை. ஆறு அலையியற்றிகளின் ஒலியைக் கலந்து வடிகட்டினால் சிம்பல். காலம் 16 கட்டங்களாகப் பிரிந்திருக்கும். எந்தக் கட்டத்தில் எந்த அடி விழவேண்டும் என்று பொத்தானை அழுத்திவிட்டால், நிறுத்தும்வரை அது சுற்றிக்கொண்டேயிருக்கும். அதே காலத்தில் வந்த லின் எல்எம்-1 உண்மையான மேளங்களின் பதிவை இசைத்தது, ஆனால் விலை 5,000 டாலரை ஒட்டியது. 808 ஏறத்தாழ 1,200 டாலர். மேளம் மாதிரியே இல்லை என்று அன்றைக்கு முகம் சுளித்தவர்கள் பலர். சுமார் 12,000 இயந்திரங்களோடு 1983-இல் உற்பத்தி நின்றுபோனது. பிறகு பழைய சாமான் விலைக்கு வந்தபோதுதான் காசில்லாத இளைஞர்கள் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. நமது வாதத்துக்கு முக்கியமான விவரம் இயந்திரத்தின் முதுகில் இருக்கிறது: ஒவ்வொரு மேளத்துக்கும் தனித்தனி வெளியீட்டுத் துளைகள். அடிமேளத்தை ஒரு கம்பியிலும் கைத்தட்டலை இன்னொன்றிலும் வெளியே எடுக்கலாம். பிரிந்து நிற்கும் பாகங்களாகவே பிறக்கும் இசைக்கு, எட்டுப் பத்துச் சுழற்சிகளில் எதை எப்போது திறப்பது, எதை மூடுவது, எதற்கு எதிரொலி கூட்டுவது என்பதுதான் இயற்றும் வேலை. ஆல்பத்தில் ஏறுவது அப்படிச் செய்த ஒரு கலவை. இன்னொருவர் அதே கைப்பிடிகளில் கைவைத்தால் இன்னொரு கலவை.

இதை டெட்ராய்ட் கண்டுபிடிக்கவில்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் மின்பொருள் பழுதுபார்த்த கிங் டபி, 1970-களின் தொடக்கத்திலேயே பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு மேளத்தையும் பேஸையும் எதிரொலிக்குள் மிதக்கவிட்டார். அதுதான் டப். நியூயார்க்கில் டிஸ்கோ டிஜேக்களுக்கு மூன்று நிமிடப் பாட்டு போதவில்லை. 1976-இல் வால்டர் கிப்பன்ஸ், டபுள் எக்ஸ்போஷரின் 'டென் பர்சன்ட்' பாடலைப் பத்து நிமிடத்துக்கு நெருக்கமாக நீட்டினார். கடையில் விற்பனைக்கு வந்த முதல் 12 அங்குல ஒற்றைப்பாடல் தட்டு அது. அகலமான தட்டில் பள்ளங்களை இடைவெளி விட்டு வெட்டலாம், அதனால் பேஸ் அதிரும், சத்தமும் கூடும். டெக்னோவின் இயல்பான வீடு இந்த 12 அங்குலத் தட்டு. ஆல்பம் அதற்கு விருந்தாளி வீடு மாதிரி.

சைபோட்ரான் இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் நின்றது. அட்கின்ஸ் 1962-இல் பிறந்தவர். வாஷ்டெனா சமுதாயக் கல்லூரியில் டேவிஸைச் சந்தித்தார். டேவிஸ் மூத்தவர், வியட்நாம் போருக்குப் போய் வந்தவர், தன்னை 3070 என்ற எண்ணால் அழைத்துக்கொண்டவர். ஆல்வின் டாஃப்லரின் 'மூன்றாவது அலை' இருவருக்கும் பிடித்த நூல். 1981-இல் சொந்தமாக வெளியிட்ட 'ஆலிஸ் ஆஃப் யுவர் மைண்ட்' டெட்ராய்ட் வானொலியில் எலெக்ட்ரிஃபையிங் மோஜோவின் நிகழ்ச்சி வழியாகப் பரவியது. அவர் ஜெர்மனியின் மின்னணு இசைக் குழுவான கிராஃப்ட்வெர்க்கையும் பார்லியமென்ட்-ஃபங்கடெலிக் என்ற ஃபங்க் குழுவையும் பாடகர் பிரின்ஸையும் ஒரே இரவில் அடுத்தடுத்து ஒலிபரப்பியவர். டெக்னோவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் டெட்ராய்ட்டின் கார் தொழிற்சாலை இரைச்சலைத் தவறாமல் இழுத்துவருகிறார்கள். எழுதச் சுகமான விளக்கம்தான். ஆனால் அட்கின்ஸும் அவருடைய நண்பர்கள் டெரிக் மே, கெவின் சாண்டர்சனும் படித்தது நகரத்துக்கு வெளியே, ஏரிக்கரை ஊரான பெல்வில்லில். தொழிற்சாலையைவிட மோஜோவின் வானொலிக்கே இந்த இசை அதிகம் கடன்பட்டிருக்கிறது.

இப்போது ஆல்பத்தைக் கேட்டுப் பார்த்தால் அதன் பிளவு உடனே தெரியும். தலைப்புப் பாடலான 'என்டர்', 'இண்டஸ்ட்ரியல் லைஸ்' போன்றவற்றில் மின்கிட்டார் ராக் தோரணையில் முழங்குகிறது. 'காஸ்மிக் கார்ஸ்', 'கிளியர்' இரண்டிலும் இயந்திரத் தாளம் வேறெதையும் சாராமல் தன்னளவில் போதுமானதாக நடக்கிறது. ஒரே உறைக்குள் இரண்டு எதிர்காலங்கள். எது உயிருள்ளது என்று ஆல்பம் சொல்லவில்லை. செய்தவர்களுக்குள்ளேயே அதில் ஒற்றுமை இல்லை. டியாஸின் ரீமிக்ஸ் அதைச் சொன்னது. தாளம் முன்னுக்கு வந்தது, ஒலித்துண்டுகள் வெட்டுப்பட்டுத் தெறித்தன, எதிரொலி இடைவெளிகளை நிரப்பியது. ஒரு சொல்கூட எழுதாமல் செய்யப்பட்ட விமர்சனம் அது: இந்தத் தட்டில் இதுதான் பாட்டு, மற்றவை சூழல். பரிமேலழகர் உரையின் வழியாகவே தலைமுறைகள் குறளைப் படித்தது போல, பிறகு வந்தவர்கள் 'என்டர்' ஆல்பத்தை டியாஸின் வழியாகவே கேட்டார்கள். 2005-இல் மிஸ்ஸி எலியட் தன் 'லூஸ் கன்ட்ரோல்' பாட்டுக்கு எடுத்துக்கொண்ட துண்டு 'கிளியர்' பாடலுடையது. எலியட்டின் பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் மூன்றாம் இடம்வரை ஏறியது. 'இண்டஸ்ட்ரியல் லைஸ்' பாடலுக்கு அப்படி ஒரு மறுபிறவி வாய்க்கவில்லை.

ரீமிக்ஸ் ஒரு வியாபாரத் தந்திரம், ஒரே பாட்டை இரண்டு முறை விற்கும் வழி என்று ஒரு மறுப்பு உண்டு. பெரும்பாலான ரீமிக்ஸ்களுக்கு அது பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஃபேன்டசி நிறுவனமும் கலைச் சேவைக்காக அந்தக் கலவையைச் செய்யச் சொல்லியிருக்காது. ஆனால் எதற்காகக் கேட்கப்பட்டது என்பது வேறு, என்ன கிடைத்தது என்பது வேறு. நடன அரங்கில் ஆட்கள் ஆடுவார்களா என்பது டிஜேக்குக் கடுமையான சோதனை. அந்தச் சோதனைக்காகப் பாட்டை மாற்றும்போது அலங்காரம் உதிர்ந்து எலும்பு தெரிகிறது. எல்லாம் இயந்திரத்தின் வேலை, ஆளுக்கு அதில் பங்கென்ன என்ற இன்னொரு மறுப்பைத் தீர்க்க பம்பாய்க்குப் போனால் போதும். இந்தித் திரையிசையில் வாத்தியம் வாசித்துவந்த சரண்ஜித் சிங், இதே 808-ஐயும் ரோலண்டின் டிபி-303 பேஸ் சின்தசைசரையும் வைத்து 1982-இல் ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துத் தட்டாக்கினார். அதில் ஒரு சொட்டுக்கூட டெட்ராய்ட் வாடை இல்லை. இயந்திரம் ஒன்றே, தேர்வு வேறு.

கனமான மறுப்பு மூன்றாவது. வெளியாள் ஒருவர் வந்து ஆசிரியரின் படைப்பைத் திருத்துவது அத்துமீறல் இல்லையா? இதற்குப் பதில் அட்கின்ஸின் அடுத்தடுத்த செயல்களில் இருக்கிறது. ராக் பக்கம் சாய விரும்பிய டேவிஸோடு ஒத்துப்போகாமல் அவர் விலகினார். 1985-இல் மெட்ரோபிளெக்ஸ் என்ற சொந்த நிறுவனம் தொடங்கி, மாடல் 500 என்ற பெயரில் 'நோ யுஎஃப்ஓஸ்' வெளியிட்டார். கிட்டார் இல்லை. 12 அங்குலத் தட்டு. குரலோடு ஒரு வடிவம், குரலில்லாமல் ஒன்று. டியாஸ் எந்தத் திசையைக் காட்டினாரோ அதே திசை. டியாஸைப் பார்த்துக் கற்றுக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை. ஆல்பத்துக்குள் இருந்த இரண்டு பாதைகளில், வெளியாளும் ஆசிரியரும் தனித்தனியாக ஒன்றையே தேர்ந்தார்கள் என்கிறேன். மாடல் 500-க்கு முதல் முழு ஆல்பமான 'டீப் ஸ்பேஸ்' வர 1995 ஆனது. பெல்ஜியத்தின் ஆர் அண்ட் எஸ் நிறுவனம் வெளியிட்டது. பத்தாண்டுகள் அவருக்கு ஆல்பம் தேவைப்படவில்லை என்பதே ஒரு சான்று. அந்த ஆல்பத்தின் 'ஸ்டார்லைட்' பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து எக்கோஸ்பேஸ் என்ற இரட்டையரிடம் போனது. ராட் மோடெல், ஸ்டீபன் ஹிட்செல் என்ற அவர்கள், அந்த ஒரே பாட்டின் பல வடிவங்களைப் பல கைகளிலிருந்து திரட்டி ஒரு முழுத் தட்டாக்கினார்கள். சில வடிவங்களில் மூலப் பாட்டு மூடுபனிக்குள் கரைந்து நாண் ஒன்றின் சாயலாக மட்டும் மிஞ்சுகிறது. ஆசிரியருக்கு இதில் மனத்தாங்கல் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் தீர்ப்பு என்றால் தோற்றவர் ஒருவரும் உண்டு. 'என்டர்' ஆல்பத்தில் 'எல் சால்வடார்' என்றொரு பாடல் இருக்கிறது. அந்த நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. போரிலிருந்து திரும்பிய ஒருவர் பங்கேற்ற ஆல்பத்தில் அந்தப் பெயர் தற்செயலாக வந்திருக்க முடியாது. எட்டுப் பாடல்களையும் வரிசையாகக் கேட்டால், இருண்ட, கோபமான, தத்துவப் பிரமை பிடித்த ஒரு மனம் தட்டெங்கும் பரவியிருப்பது புரியும். 'கிளியர்' ரீமிக்ஸை மட்டும் கேட்பவருக்கு அந்த மனம் கிடைக்காது. நடன அரங்கின் சோதனை எலும்பைக் காட்டும் என்றேன். சில சமயம் தசையையும் அது வெட்டி எறிந்துவிடுகிறது. டேவிஸ் சைபோட்ரான் பெயரை வைத்துக்கொண்டு 1993-இல் 'எம்பதி', 1995-இல் 'சைபர் கெட்டோ' என்று ஆல்பங்களாகவே தொடர்ந்தார், குறைவானவர்களே கேட்டார்கள். அவருடைய பக்கத்துக்கு ஒரு ரீமிக்ஸ்காரர் வாய்த்திருந்தால் கதை மாறியிருக்குமா என்பது நியாயமான கேள்வி. மாறியிருக்காது என்பது என் கணிப்பு. கிட்டார் ராக்கைக் கழற்றி மாட்டுவது கடினம். அது சேர்ந்து வாசிக்கும் கைகளின் உரசலில் வாழ்வது.

கூலிக் கணக்கு ஒன்றும் மிச்சமிருக்கிறது. இத்துறையில் ரீமிக்ஸ் செய்பவருக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒருமுறைத் தொகை. பாட்டின் இயற்றுரிமையில் பங்கு கிடைப்பது அபூர்வம். பாட்டை வேறொரு பாட்டில் பயன்படுத்தும்போது வரும் இயற்றுரிமைப் பணம் இயற்றியவர்களுக்கே போகும். தட்டின் பின்னட்டையில் பாட்டின் பெயருக்கு அடுத்து, சின்ன எழுத்தில், கலவைக்காரரின் பெயர் அச்சாகும். ஆல்பத்துக்குத் தலைப்பையே மாற்றிவைத்த வேலைக்கும் சட்டம் கொடுத்த இடம் அவ்வளவுதான்.