கால்நடைகளின் பிரயாணம்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையின் பெருமையைத் தென்னாட்டார் பலரும் அறிவர். ஆந்திர, கன்னட நாடுகளினின்றும் வரும் மாடுகள் ஆங்குக் கைம்மாறிக் கேரளம் செல்லுகின்றன. முற்காலத்தில் மந்தைகள் நடந்தே சென்றன. இக்காலத்தில் லாரியேறிச் செல்லுகின்றன. மந்தையை ஒருநாள் விரைந்து ஓட்டினும் எல்லாம் மாண்டுபோம் என்று தமையனிடம் கூறி, யாக்கோபு அதன் நடைக்கேற்ப மெல்லச் சென்றதாக ஆதியாகமம் கூறும். மேய்ப்பனுக்கிருந்த அவ்வறிவு லாரியில் ஏற்றுவோர்க்கும் வேண்டற்பாலதேயாம்.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் செல்லும் வழியில், தேநீர்க்கடையொன்றன் எதிரே மாட்டு லாரி ஒன்று நிற்கக் கண்டோம். பலகை இடுக்கின் வழியே ஒரு கொம்பு மட்டும் வெளியே நீண்டிருந்தது. அதன் நுனி முறிந்து குருதி கசிந்தது. உள்ளே ஒரு பசு விழுந்து கிடந்தது. எத்தனை மாடுகள் உள்ளன என்று ஓட்டுநரை வினவினோம். தாம் எண்ணவில்லை என்றார். அவரைக் கொடியவர் என்று கூற எமக்கு மனமில்லை. விடியுமுன் போய்ச்சேர வேண்டும் என்னும் கவலையே அவர் முகத்தில் இருந்தது.

விழுந்த மாடு ஏன் எழவில்லை? குதிரை முன்னங்கால்களை ஊன்றி எழும். மாடோ தலையையும் தோளையும் முன்னே வீசிப் பின்புறத்தையே முதலில் தூக்கும். அதற்கு முன்பக்கத்தில் இடம் வேண்டும். நெருக்கி ஏற்றிய லாரியில் அவ்விடம் ஏது? எழ முயன்று சறுக்கும். அருகிலுள்ளவை விலக வழியின்றி அதனை மிதிக்கும். இதனைப் பிடிவாதம் என்று கருதி வாலை முறுக்குவதும் கண்ணில் மிளகாய் இடுவதும் எத்துணை அறியாமை!

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் கொணர்ந்த மசோதாவே வித்தாகப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் பிறந்தது. அதன்கீழ் 1978-இல் வகுக்கப்பட்ட விதிகள், ஒரு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது என்கின்றன. மாடொன்றுக்கு 2 சதுர மீட்டரேனும் இடம் வேண்டும். சறுக்காதவாறு தளத்தில் தென்னைநார்ப் பாயோ பலகையோ இடவேண்டும். உடன் ஓர் ஆள் செல்லவேண்டும். பிரயாணத்துக்குத் தகுதியென்று கால்நடை மருத்துவர் சான்று தரவேண்டும். மாடுகள் எஞ்சினை நோக்கி நிற்பது நலமென்றும் அவ்விதிகளில் உள்ளது. ஆறு என்னும் அவ்வெண்ணை அன்று யாம் அறிந்திலேம். அறிந்திருப்பின் வாளா பஸ் ஏறியிருக்கமாட்டோம்.

வணிகர்க்கும் இதில் இழப்புண்டு. அச்சமும் களைப்பும் தசையிலுள்ள சர்க்கரைப் பொருளைக் கரைத்துவிடுவதால், அறுத்தபின் இறைச்சி கறுத்து விரைவிற் கெடும். கறவைப் பசுவாயின் பால் வற்றும்.

ஏற்றும் இடத்திலேயே துன்பம் தொடங்குகின்றது. மாட்டின் கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்தமையால் அது ஏறக்குறையச் சுற்றிலும் காணும். ஆயின் தரையின் மேடுபள்ளத்தை விரைந்து அளக்க வல்லதன்று. ஏறும் பலகையின் குறுக்கே ஒரு நிழல் விழுந்தாலும் அது பள்ளமோ என்று தயங்கி நிற்கும். குனிந்து முகர்ந்து பார்க்கச் சற்றே விட்டால் பெரும்பாலும் தானே ஏறும். அடித்தால் வெருண்டு பின்வாங்கும். சில சந்தைகளில் ஏறுபலகையே இல்லை. மண்மேட்டோடு லாரியின் பின்புறத்தைச் சேர்த்து ஏற்றுவர். இறக்கும் இடத்திலோ அம்மேடும் இராது. கயிற்றைப் பிடித்து இழுக்கக் குதித்து இறங்கும் மாடு, வழியெல்லாம் தப்பிப்பிழைத்த காலை ஆங்கே ஒடித்துக்கொள்வதும் உண்டு.