வால் டி நோத்தோ: நிலநடுக்கத்துக்குப் பின் எழுந்த சிசிலி ஊர்கள்

மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவான சிசிலி இத்தாலியைச் சேர்ந்தது. அதன் தென்கிழக்கு மூலைக்கு வால் டி நோத்தோ என்று பெயர். தீவு மூன்று நிர்வாகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்த காலத்தில் வழங்கிய பெயர் இது. சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளும் அவற்றுக்கிடையே ஆழமான பள்ளங்களும் நிறைந்த இப்பகுதியில் நோத்தோ, ரகூசா, மோதிகா, ஷிக்லி, கால்தாஜிரோனே, மிலிதெல்லோ, பலாத்சோலோ அக்ரேய்தே, கத்தானியா ஆகிய எட்டு ஊர்களை 2002ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

முதன்முறை செல்பவர்களுக்கு இவற்றில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே தோன்றும். தேன் நிறக் கல், வளைந்த இரும்புக் கம்பி போட்ட மாடங்கள், நீண்ட படிக்கட்டின் உச்சியில் தேவாலயம். பழைய ஊர்கள் ஒரே நாளில் அழிந்து, அடுத்த சில பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் மறுபடி கட்டப்பட்டன என்பதே இதற்குக் காரணம்.

1693 நிலநடுக்கம்

1693 ஜனவரி 9ஆம் தேதி நிலம் ஒருமுறை அதிர்ந்தது. இரண்டு நாள் கழித்து, 11ஆம் தேதி, அதைவிடப் பலமடங்கு வலிய நடுக்கம் வந்தது. சுமார் 60,000 பேர் இறந்தனர். கத்தானியாவில் மட்டும் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டனர். அப்போது சிசிலி ஸ்பெயின் அரசரின் ஆட்சியில் இருந்தது. சீரமைப்பை மேற்பார்வையிட கமாஸ்த்ரா கோமகன் ஜுசெப்பே லான்சா அனுப்பப்பட்டார்.

ஒவ்வொரு ஊரும் எதிர்கொண்ட முதல் கேள்வி, இருந்த இடத்திலேயே கட்டுவதா, வேறிடம் போவதா என்பதே. அதற்கு ஊருக்கு ஊர் வேறு விடை கிடைத்தது. இன்று பயணிகள் காணும் தெருக்களின் அமைப்பை முடிவு செய்தது அந்த விடைதான்.

இடம் மாறிய நோத்தோ

பழைய நோத்தோ அல்வேரியா என்னும் மலையின் மேல், மூன்று பக்கமும் செங்குத்துச் சரிவு சூழ, இயற்கையான கோட்டைபோல் இருந்தது. கமாஸ்த்ரா அதைக் கைவிட்டு, கடலுக்கு அருகிலுள்ள ஒரு சரிவில் புதிய ஊரை அமைக்க முடிவெடுத்தார். மக்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. வயலும் கிணறும் முன்னோர் கல்லறையும் பழைய மலையோடு இருந்தன. இந்தப் பிணக்கு பல ஆண்டுகள் நீடித்தது. ஆனாலும் புதிய ஊர்தான் நிலைத்தது.

புதிய நோத்தோவில் கீழ்ப்பகுதியின் அகன்ற, நேரான தெருக்கள் தேவாலயங்களுக்கும் மடங்களுக்கும் பிரபுக்களின் மாளிகைகளுக்கும் போயின. மேட்டுப்பகுதியில் எளிய மக்களின் வீடுகள் அமைந்தன. ரொசாரியோ கால்யார்தி, வின்சென்சோ சினாத்ரா, பாவ்லோ லபீசி ஆகிய கட்டடக் கலைஞர்கள் 18ஆம் நூற்றாண்டில் இங்கே பணியாற்றினர். செதுக்க எளிதான மென்மையான சுண்ணாம்புக்கல் அவர்களுக்கு வாய்த்தது. நிக்கோலாசி மாளிகையின் மாடங்களைத் தாங்கும் சிங்கங்கள், குதிரைகள், கடற்கன்னிகளைப் பார்த்தால், அந்தக் கல்லைக் கொண்டு சிற்பிகள் எவ்வளவு தாராளமாக விளையாடியிருக்கிறார்கள் என்பது விளங்கும். அந்தத் தெருவில்தான் ஒவ்வொரு மே மாதமும் பூவிதழ்களால் தரையில் ஓவியம் வரையும் விழா நடக்கிறது.

இந்த அழகுக்குப் பின்னால் ஒரு பலவீனம் இருந்தது. 1990 டிசம்பரில் வந்த நிலநடுக்கத்தில் நோத்தோ பேராலயம் விரிசல் கண்டது. 1996 மார்ச் 13 இரவு அதன் குவிமாடமும் கூரையின் பெரும்பகுதியும் இடிந்து விழுந்தன. உள்ளே எவரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. ஆராய்ந்தபோது, வெளியே செதுக்கிய கல்லாகத் தெரிந்த தூண்களின் உட்புறம் தரமற்ற கற்சிதறல்களால் நிரப்பப்பட்டிருந்தது தெரியவந்தது. பழைய முறையிலேயே, ஆனால் உறுதியான கல்லைக் கொண்டு மறுபடி கட்டப்பட்ட ஆலயம் 2007இல் திறக்கப்பட்டது.

இரண்டாகப் பிரிந்த ரகூசா

ரகூசா மக்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. புனித ஜான் ஆலயத்தைச் சார்ந்தவர்கள் மேலேயுள்ள பீடபூமிக்குப் போய், நேரான தெருக்களுடன் புது ஊர் கட்டிக்கொண்டார்கள். புனித ஜார்ஜ் ஆலயத்தைச் சார்ந்தவர்கள், குறிப்பாகப் பழைய பிரபுக் குடும்பத்தினர், இடிபாடுகளின் மேலேயே கட்டினார்கள். அதுவே இன்று இப்லா எனப்படும் பகுதி. இரு தரப்புக்கும் நெடுங்காலம் போட்டி இருந்தது. 1926இல்தான் இரண்டும் ஒரே நகராட்சியாக இணைந்தன.

ஒரே ஒரு ஊரைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், நோத்தோவைவிட இப்லாவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நோத்தோ திட்டமிட்டு எழுப்பிய மேடை அரங்கு. இப்லாவோ பழைய சந்துகளின் போக்கிலேயே வளைந்து செல்லும் ஊர். மேல் ஊரிலிருந்து கீழே இறங்கும் வழியில் உள்ள 'படிக்கட்டு மாதா' ஆலயத்தின் முன் நின்றால் இப்லா முழுவதும் தெரியும். நிலநடுக்கத்துக்கு முந்தைய கோதிக் வளைவுகள் அந்த ஆலயத்துக்குள் இன்னும் உள்ளன. இப்லாவின் நடுவே கால்யார்தி வடிவமைத்த புனித ஜார்ஜ் ஆலயம், சதுக்கத்துக்கு நேராக நிற்காமல் சற்றுத் திரும்பி நிற்கிறது. இடிந்துபோன பழைய ஜார்ஜ் ஆலயத்தின் வாயில் மட்டும் பூங்காவுக்கு அருகே தனியாக நிற்கிறது.

மற்ற ஊர்கள்

கிராம்மிகேலே யுனெஸ்கோ பட்டியலில் இல்லை, பயணிகளும் குறைவு. ஆனால் இடம் மாறிய ஊர்களில் மிகத் துணிச்சலானது இதுதான். அழிந்துபோன ஒக்கியோலா என்ற ஊரின் மக்களுக்காக இளவரசர் கார்லோ மரியா கராபா இதை அறுகோண வடிவில் அமைத்தார். நடுச்சதுக்கமும் ஆறு பக்கம் கொண்டது. மலையிலிருந்து கடலோரத்துக்கு இறங்கிய அவோலாவும் அறுகோணத் திட்டத்தில் அமைந்ததே.

கத்தானியா இடம் மாறவில்லை. 1669இல் எட்னா எரிமலையின் குழம்பு நகரைத் தாக்கி 24 ஆண்டுகளே ஆகியிருந்த நிலையிலும் மக்கள் அதே இடத்தில் கட்டினார்கள். அடுத்த நடுக்கத்தில் ஓடித் தப்ப இடம் வேண்டும் என்பதால் தெருக்கள் மட்டும் அகலமாயின. எரிமலைக் கல்லைப் பயன்படுத்தியதால் இங்குள்ள கட்டடங்கள் கருமை கலந்தவை. வாக்கரினி வடிவமைத்த நீரூற்றின் மேல் நிற்கும் யானையும் கருங்குழம்புக் கல்தான்.

மோதிகா ஒரு பள்ளத்தின் இரு சரிவுகளிலும் அடுக்கடுக்காக ஏறும் ஊர். நோபல் பரிசு பெற்ற கவிஞர் சல்வத்தோரே குவசிமோதோ 1901இல் இங்கே பிறந்தார். இங்கு செய்யப்படும் சாக்லேட்டை அதிகம் சூடாக்குவதில்லை. எனவே சர்க்கரை கரையாமல் பல்லில் நறநறக்கும். ஷிக்லியில் பாறைக் குடைவு வீடுகளில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மக்கள் வாழ்ந்தார்கள்.

மட்பாண்டங்களுக்குப் பேர்போன கால்தாஜிரோனேயில் 142 படிகள் கொண்ட படிக்கட்டு உண்டு. 1606இல் கட்டப்பட்ட அதன் படிமுகப்புகளில் வண்ண ஓடுகள் பதிக்கப்பட்டது 1950களில்தான். ஜூலை 24, 25 இரவுகளில் படிகள் முழுவதும் விளக்கேற்றுகிறார்கள்.

அருகிலுள்ள சிரகூசாவின் ஒர்த்தீஜியா தீவில், கி.மு. 5ஆம் நூற்றாண்டு அத்தீனா கோயிலின் தூண்கள் இன்றைய பேராலயச் சுவருக்குள்ளேயே நிற்கின்றன. 1693இல் முகப்பு விழுந்தது. கிரேக்கத் தூண்கள் தாங்கி நின்றன.

ஜிபெல்லினா: அதே கேள்வி மீண்டும்

1968 ஜனவரியில் தீவின் மேற்கே பெலீச்சே பள்ளத்தாக்கில் நிலம் நடுங்கி ஜிபெல்லினா தரைமட்டமானது. நோத்தோவைப் போலவே அதையும் வேறிடத்தில் கட்டினார்கள். கார் ஓட்டத்தை மனத்தில் கொண்டு போடப்பட்ட அகன்ற சாலைகளும் நவீன சிற்பங்களும் கொண்ட புதிய ஊரில், திண்ணையும் சந்தும் தந்த நெருக்கம் இல்லை என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு. பழைய ஊரின் இடிபாடுகளை அல்பர்த்தோ புர்ரி என்ற கலைஞர் வெள்ளை கான்கிரீட்டால் மூடினார். பழைய தெருக்கள் மட்டும் வெடிப்புகளாக விடப்பட்டன. அவற்றினூடே நடந்து செல்லலாம். 1984இல் தொடங்கி இடையில் நின்றுபோன அப்பணி 2015இல் நிறைவுற்றது.

செல்லும் வழி

தென்கிழக்கு ஊர்களுக்குக் கத்தானியா விமான நிலையம் வழியாகச் செல்லலாம். சிரகூசாவிலிருந்து புறப்படும் ஒரு ரயில் பாதை நோத்தோ, ஷிக்லி, மோதிகா, ரகூசா வழியாகச் செல்கிறது. ஊர்கள் எல்லாம் படியும் ஏற்றமுமாக இருப்பதால், வெயில் கடுமையான ஜூலை, ஆகஸ்டைவிட ஏப்ரல், மே அல்லது அக்டோபர் ஏற்றது. மாலை வெயிலில்தான் கல் பொன்னிறம் கொள்ளும். அல்வேரியா மலையில் புதர் மூடிய பழைய நோத்தோவின் வாயிலையும் கோட்டைச் சுவர்களையும் காண விரும்புவோர் காரில் செல்வதே வசதி.