அகர்தலா: வானில் ஒரு மணி, தரையில் ஒன்றரை நாள்

புதுதில்லி: கொல்கத்தாவிலிருந்து திரிபுராவின் தலைநகரான அகர்தலாவுக்கு நேர்க்கோட்டில் சுமார் 320 கி.மீ. தூரம்தான். விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சென்றடைகிறது. ரயிலில் செல்பவரோ 1,500 கி.மீ.க்கு மேல் சுற்றி, ஏறக்குறைய ஒன்றரை நாள் பயணம் செய்ய வேண்டும்.

இந்தச் சுற்றுக்குக் காரணம் 1947-இல் வரையப்பட்ட எல்லைக்கோடு. பிரிவினைக்கு முன் அகர்தலா மக்கள் ரயிலேறிய இடம் அருகிலுள்ள அகௌரா. அது கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது. இன்று வங்கதேசத்தில் உள்ளது. 1949 அக்டோபரில் இந்தியாவுடன் இணைந்த திரிபுராவை மூன்று புறமும் சர்வதேச எல்லை சூழ்ந்தது.

எனவே ரயில்கள் வடக்கே சிலிகுரி வரை சென்று, குறுகிய இடத்தில் சுமார் 22 கி.மீ. அகலமே உள்ள நிலப்பகுதியைக் கடந்து, அஸ்ஸாம் வழியாகத் தெற்கே இறங்குகின்றன. அகர்தலாவை ரயில் எட்டியதே 2008-இல்தான். அகல ரயில் பாதை 2016-இல் வந்தது. 2022 மே மாதம் அஸ்ஸாமின் திமா ஹசாவ் மலைப்பகுதியில் ஏற்பட்ட நிலச்சரிவால் அந்தப் பாதையும் பல வாரங்கள் துண்டிக்கப்பட்டது.

விமானத்துக்கு இத்தடை இல்லை. வங்கதேச வான்வெளி வழியாக நேராகப் பறக்கிறது. ஆகவே, அவசர சிகிச்சைக்காகக் கொல்கத்தா செல்லும் திரிபுரா குடும்பத்துக்கு விமானப் பயணம் ஆடம்பரம் அல்ல.

ஆனால், கட்டணத்தை நிர்ணயிப்பது சந்தை. விமானக் கழகங்கள் சட்டம் 1994-இல் நீக்கப்பட்ட பிறகு, கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை என்பதே நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பத் தரப்படும் பதில். அரசால் இயலாது என்பது இதன் பொருளல்ல. கரோனா காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை, பயண நேரத்தின் அடிப்படையில் கட்டண வரம்பு விதிக்கப்பட்டது. விமான சேவை நிலைகுலைந்த 2025 டிசம்பரில், 500 கி.மீ. வரையிலான பயணத்துக்கு ரூ. 7,500 என்ற தற்காலிக உச்சவரம்பு வந்தது. இரண்டுமே நெருக்கடிக் கால நடவடிக்கைகள். மாற்று வழியற்ற மாநிலத்துக்கென நிலையான ஏற்பாடு எதையும் அவை தரவில்லை.

தரைவழித் தீர்வுக்கும் முயற்சி நடந்தது. 2010-இல் ஒப்புக்கொள்ளப்பட்ட அகர்தலா - அகௌரா ரயில் இணைப்பை, 2023 நவம்பர் 1-இல் பிரதமர் மோடியும் அன்றைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனாவும் கூட்டாகத் தொடங்கி வைத்தனர். சுமார் 12 கி.மீ. நீளமே கொண்ட இப்பாதையில் ரயில்கள் முறையாக ஓடினால், கொல்கத்தா பயணத்தில் ஆயிரம் கி.மீ. அளவுக்குக் குறையும் என மதிப்பிடப்பட்டது. பயணிகள் ரயில் ஓடத் தொடங்கும் முன்பே, 2024 ஆகஸ்டில் ஹசீனா ஆட்சி கவிழ்ந்தது.

அண்டை நாட்டின் அரசியல் தில்லியின் கையில் இல்லை. விமானக் கட்டணக் கொள்கை தில்லியின் கையில்தான் உள்ளது. மக்களவையில் 2 உறுப்பினர்களை மட்டுமே கொண்ட திரிபுராவின் குரல் அதுவரை எட்டுமா என்பதே கேள்வி.